முதல் ஸ்கீ விடுமுறைக்கு எந்த மலை? சுவிஸில் புதிதாகத் தொடங்கும் குடும்பங்களுக்கு

பாடசாலைப் பையிலிருந்து ஒரு கடிதம் வரும். ஸ்கீ முகாம், ஐந்து நாள், கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியல், கீழே கையொப்பத்துக்கு ஒரு கோடு. சுவிஸில் பிள்ளை வளர்க்கும் தமிழ் வீடுகள் பலவற்றுக்குள் பனிச்சறுக்கு நுழைவது இப்படித்தான். பிள்ளை போய், கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்து மற்ற முகமெல்லாம் கறுத்து வீடு வந்து சேரும். அடுத்த கிழமையே தொடங்கும்: "அப்பா, நாங்கள் எல்லாரும் ஒருக்காப் போவமே!"

அந்தக் கடிதத்தைக் கண்டு செலவுக்குப் பயப்படும் பெற்றோருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டாயக் கல்வியின் பகுதியாக நடத்தப்படும் கட்டாய முகாமுக்குப் பெற்றோரிடம் பிள்ளையின் சாப்பாட்டுச் செலவை மட்டுமே வாங்கலாம், அதுவும் ஒரு நாளைக்கு 10 முதல் 16 பிராங் வரைதான் என்று கூட்டாட்சி உயர்நீதிமன்றம் 2017 இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே பிள்ளையை மறிக்காதீர்கள், அனுப்புங்கள்.

குடும்பமாகப் போவது வேறு கணக்கு. எந்த மலை என்று கேட்டால் வேலைத்தலத்தில் உள்ள சுவிஸ்காரர்கள் செர்மாட் என்பார்கள், வெர்பியே என்பார்கள், சென் மொரிட்ஸ் என்பார்கள். எல்லாம் அருமையான இடங்கள், நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களுக்கு. நான் முதல் தடவை பேரைப் பார்த்துத்தான் ஒரு மலையைத் தெரிவு செய்தேன். படிக்கும் சரிவு மலையின் நடுவில் இருந்தது. அங்கே ஏறவே நாலு பேருக்கும் முழு ரிக்கற் எடுக்க வேண்டியிருந்தது. நாங்கள் அன்று முழுக்கப் பாவித்ததோ ஐம்பது மீற்றர் நீளமான ஒரு துண்டுப் பனி. பின்னேரம் காற்று எழும்ப, இறங்கும் கொண்டோலாவுக்கு (கம்பியில் தொங்கிப் போகும் சின்னக் கூண்டு) பெரிய வரிசை. சின்னவள் அழுதழுது நித்திரையாகிப் போனாள். மலையில் பிழை இல்லை. நாங்கள் போயிருக்க வேண்டிய மலை அது இல்லை, அவ்வளவுதான்.

யார் யார் வருகிறார்கள்?

ஒரு தாளை எடுத்து வருகிற ஒவ்வொருவரின் பேரையும் எழுதுங்கள். பேருக்குப் பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: சறுக்கத் தெரியும், படிக்கப் போகிறார், சறுக்கவே மாட்டார். முகாமுக்குப் போன பெரிய பிள்ளை முதலாவது. நீங்களும் சின்னவரும் இரண்டாவது. ஊரிலிருந்து வந்து நிற்கும் அம்மம்மா மூன்றாவது.

மலையைத் தீர்மானிப்பது இரண்டாவது வகைதான். தெரிந்த பிள்ளைக்கு 40 கிலோமீற்றர் சறுக்குப் பாதை இருந்தாலே மூன்று நாளைக்குப் போதும். விளம்பரத்தில் வரும் 200, 300 கிலோமீற்றர் எல்லாம் உங்களுக்குத் தேவையில்லாத, ஆனால் நீங்கள் காசு கொடுக்கிற கிலோமீற்றர்கள். படிக்கிறவருக்கு வேண்டியது நல்ல ஒரு சரிவு. சறுக்காதவருக்கு வேண்டியது வெயில், நடக்க ஒரு பாதை, குந்தியிருக்க ஓர் இடம்.

பயிற்சிச் சரிவைப் பாருங்கள்

ஊரின் இணையத்தளத்துக்குப் போனதும் உச்சியின் படத்தைப் பார்த்து மயங்காமல், பயிற்சிச் சரிவு எங்கே என்று தேடுங்கள். அது நல்லதா என்று அறிய நான் நாலு விடயம் பார்ப்பேன்.

அடிவாரம் தட்டையாக இருக்கவேண்டும். இதுதான் முக்கியம். புதியவருக்கு முதல் நாள் நிறுத்தத் தெரியாது. சரிவின் முடிவில் நிலம் தானாக மட்டமாகி, கொஞ்சம் மேலெழும்பினால் ஸ்கீ தானே நிற்கும், பயம் போய்விடும். முடிவில் வேலியோ, பாதையோ, மற்றவர்கள் வேகமாக வந்து சேரும் இடமோ இருந்தால் அது பயிற்சிச் சரிவே இல்லை.

இரண்டாவது, மேலே ஏற்றுவது என்ன. மாயக் கம்பளம் என்று இங்கே சொல்லும் ஓடுபட்டி இருந்தால் நல்லது. விமான நிலையத்தில் இருப்பது போன்ற பட்டி, ஏறி நின்றால் கொண்டுபோய் விடும். கம்பியைப் பிடித்துக்கொண்டோ, இடுப்புக்குப் பின்னால் கட்டையை வைத்துக்கொண்டோ இழுபட்டுப் போகும் லிஃப்டில் முதல் நாள் விழாதவர் குறைவு. (அதில் ஏற நேர்ந்தால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: அதில் இருக்கக்கூடாது, நின்றபடிதான் இழுபட வேண்டும். கதிரை என்று நினைத்து இருந்தால் நிலத்தில்தான் முடியும்.)

மூன்றாவது, அந்தச் சரிவுக்கு மட்டும் தனி ரிக்கற் இருக்கிறதா. பல ஊர்களில் பயிற்சிப் பகுதிக்கு மலிவான நாள் ரிக்கற்றோ, சில மணி நேர ரிக்கற்றோ உண்டு. முதல் இரண்டு நாளைக்கு அது போதும்.

நாலாவது, களைத்தால் எப்படித் திரும்பலாம். பிள்ளைக்கு மூத்திரம் முடுக்கும், கை விறைக்கும், போதும் என்று சொல்லும். ஐந்து நிமிட நடையில் அறையோ கோப்பிக் கடையோ இருந்தால் அந்த நாள் தப்பியது.

இந்த நாலையும் வைத்துக்கொண்டு சில ஊர்களைப் பாருங்கள். வலே மாநிலத்தில் ரோன் பள்ளத்தாக்குக்கு மேலே பெத்மெரால்ப் இருக்கிறது. 1,950 மீற்றர் உயரம், கார் போகாத ஊர். கீழே பெத்தன் ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கேயே கேபிள் காரில் ஏறினால் ஊருக்குள் இறங்கலாம். தெருவே பனி. சனம் பெட்டி படுக்கையைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போகும். சரிவுகள் பெரும்பாலும் மென்மை. மேலே ஏறினால் ஆல்ப்ஸின் மிக நீளமான பனியாறான அலெட்ஷ் தெரியும். அந்த ஊரில் 1697 இல் கட்டிய சின்னத் தேவாலயம் ஒன்று மேட்டில் நிற்கிறது. அதன் பெயர் மரியா சும் ஷ்னே, பனியின் மரியாள். தூத்துக்குடியில் பனியே விழாத கடற்கரையில் பனிமய மாதா என்று நாங்கள் வணங்கும் அதே தாய். முதன்முதலில் அந்தப் பலகையை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்து ஊரான ரீடரால்ப்பும் இதே மாதிரி, கார் இல்லாத, குடும்பங்களுக்கு ஏற்ற இடம்.

லுட்சேர்ன் பக்கம் இருப்பவர்களுக்கு ஏங்கல்பேர்க். ரயிலில் முக்கால் மணி நேரம். திட்லிஸ் மலைக்குத்தான் பேர், ஆனால் புதியவருக்கு வேண்டியது உச்சி அல்ல. ஊருக்குள்ளேயே குளொஸ்டர்மாட்டே என்ற சரிவு இருக்கிறது. ஊரில் பனி இல்லாவிட்டால் 1,800 மீற்றரளவில் ட்ரூப்சே ஏரியடியில் இன்னொரு பயிற்சிப் பகுதி. கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு இருப்பது பெரிய நிம்மதி.

சூரிச்சிலிருந்து ஒரு நாள் போய்வந்து பார்க்க விரும்பினால் ஃப்ளும்சர்பேர்க் நல்லது. வாலன்சே ஏரிக்கரையில் உன்டர்டேர்சன் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே கொண்டோலா. விடுதி பிடிக்காமல், ஒரு சனிக்கிழமையைக் கொடுத்து, எங்களுக்கு இது பிடிக்குதா என்று பார்த்துவிட்டு வரலாம். நான் யாருக்கும் முதலில் சொல்லும் புத்தி இதுதான். ஐந்து நாள் விடுதி பதிவதற்கு முன் ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

கிராபுண்டன் மாநிலப் பக்கம் அரோசா. கூர் நகரத்திலிருந்து சிவப்பு ரயில் ஒரு மணி நேரம் வளைந்து வளைந்து ஏறும். ஊரே 1,775 மீற்றரில் இருப்பதால் பனி நம்பிக்கை. திரும்ப வலேயில் சாஸ் ஃபே, 1,800 மீற்றர், அதுவும் கார் இல்லாத ஊர், பயிற்சிச் சரிவு ஊர் ஓரத்திலேயே. ஆனால் சுற்றிவர 4,000 மீற்றர் மலைகள் நிற்பதால் நடு மாரியில் வெயில் குறைவு, குளிர் கூட.

அன்டர்மாட்டை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், அது ஒரே ஊரில் இரண்டு மலை. ஒரு பக்கம் நெட்ஷன், வெயிலும் மென்மையுமான பக்கம். மறுபக்கம் கெம்ஸ்ஷ்டொக், 2,961 மீற்றர், செங்குத்து, நிழல், தெரிந்தவர்களுக்கு மட்டும். "அன்டர்மாட் நல்லதோ?" என்று கேட்டால் எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்க வேண்டும். எல்லா ஊரையும் இப்படிப் பக்கம் பக்கமாகப் பார்க்கப் பழகுங்கள். செர்மாட்டும் அப்படித்தான். அங்கே புதியவர் படிக்க ஊரிலிருந்து சுன்னெகாவுக்குச் சுரங்க ரயிலில் ஏற வேண்டும். சரிவு அழகு, மாட்டர்ஹோர்ன் எதிரே நிற்கும், ஆனால் அந்த அழகுக்கும் விலை உண்டு.

உயரமும் மாதமும்

பொதுவாக 1,500 மீற்றருக்குக் கீழே உள்ள ஊர்களில் பனியை நம்பி முன்கூட்டிப் பதிய முடியாது. வெப்பம் ஒரு பாகை கூடினால் பனி விழும் எல்லை ஏறக்குறைய 150 மீற்றர் மேலே போய்விடும். சுவிஸின் சறுக்குப் பாதைகளில் பாதிக்கு மேல் இப்போது இயந்திரத்தால் செய்து தூவும் பனியின் உதவியோடுதான் நிற்கின்றன. இயந்திரத்துக்கும் குளிர் வேண்டும். ஆகவே தாழ்ந்த ஊர்களைத் திட்டமிட்ட விடுமுறைக்கு வைக்காமல், நல்ல பனி விழுந்த அடுத்த நாளே ஓடிப்போகும் ஒரு நாள் பயணத்துக்கு வையுங்கள்.

உயரம் கூடினால் எல்லாம் நல்லது என்றும் இல்லை. ஏறக்குறைய 2,000 மீற்றருக்கு மேலே மரம் இல்லை. முகில் இறங்கினால் வானமும் நிலமும் ஒரே வெள்ளை, சரிவு எங்கே என்றே தெரியாது. மரம் உள்ள உயரத்தில் கண்ணுக்குப் பிடிமானம் இருக்கும். ஊரும் பயிற்சிச் சரிவும் 1,500 முதல் 2,000 மீற்றருக்குள் இருந்தால் புதியவருக்கு அளவானது.

மாதத்துக்கு வருவோம். நத்தாரும் புதுவருடமும் விலை உச்சம், சனமும் உச்சம். மாசியில் பாடசாலை விளையாட்டு விடுமுறை. இது மாநிலத்துக்கு மாநிலம் வேறு கிழமையில் வரும். உங்கள் மாநிலத்தின் விடுமுறை எப்போது என்பதோடு, சூரிச் பிள்ளைகளுக்கு எப்போது என்றும் பாருங்கள், அந்தக் கிழமைகளில் கிழக்கு, நடு சுவிஸ் மலைகள் நிரம்பும். பாடசாலை போகும் பிள்ளை இல்லாதவர்களுக்குத் தைப்பொங்கலை ஒட்டிய கிழமைகள்தான் தங்கம். விலை குறைவு, வரிசை இல்லை, பனி உலர்ந்து மென்மையாக இருக்கும். குளிர் மட்டும் கடுமை. குளிருக்குப் பயந்தவர்கள் பங்குனியைப் பாருங்கள். பகல் நீளம், வெயில் இதம். ஆனால் தெற்குப் பார்த்த சரிவில் மத்தியானத்துக்குப் பிறகு பனி கஞ்சிபோல் ஆகிவிடும். வடக்குப் பார்த்த சரிவு தாக்குப்பிடிக்கும்.

வரைபடத்தின் நிறங்கள்

சுவிஸில் நீலம் இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்சில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு, இங்கே இல்லை. நீலப் பாதையின் சாய்வு 25 சதவீதத்துக்குள், சிவப்பு 40 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது விதி, இடையில் வரும் சின்னத் துண்டுகளுக்கு மட்டும் விலக்கு. மஞ்சள் குறி கண்டால் போகாதீர்கள். அது பனிச்சரிவுக்கு (மலையிலிருந்து பனி திரண்டு சரிந்து விழுவது) எதிராகப் பாதுகாப்பு செய்த, ஆனால் மட்டப்படுத்தாத வழி.

நீலம் என்றால் பயமில்லை என்று நினைக்கவேண்டாம். சில நீலப் பாதைகள் காட்டுக்குள் போகும் ஒடுக்கமான வண்டிப்பாதைகள். சாய்வு குறைவுதான், ஆனால் திரும்ப இடமில்லை. புதியவருக்கு அகலமான சிவப்பை விட ஒடுக்கமான நீலம்தான் கூடப் பயம் தரும். வரைபடத்தில் மெல்லிய பாம்புபோல் நெளியும் நீலக் கோட்டைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று, பள்ளத்தாக்குவரை இறங்கும் கடைசிப் பாதை. பின்னேரம் எல்லாரும் அதில்தான் வருவார்கள், பனி தேய்ந்து கண்ணாடியாகியிருக்கும், கால் களைத்திருக்கும். அது சிவப்பு என்றால் புதியவர்கள் கொண்டோலாவில் இறங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தங்குவதும் சாப்பாடும்

பத்து நிமிட நடை என்று விளம்பரத்தில் இருந்தால், ஸ்கீ சப்பாத்தோடு, பிள்ளையின் ஸ்கீயையும் தோளில் சுமந்துகொண்டு, உறைந்த ஏற்றத்தில் அது அரை மணி நேரம். சரிவுக்குக் கிட்ட இருக்கும் சின்ன வீடு, தூர இருக்கும் வசதியான விடுதியை விட நல்லது. குசினி உள்ள விடுமுறை வீடாகப் பாருங்கள். விடுமுறைக் கிழமைகளில் பல வீடுகளைச் சனி முதல் சனி வரைதான் தருவார்கள். மூன்று நாலு நாள் மட்டும் வேண்டுமென்றால் தை மாதத்தில் கேட்டுப் பாருங்கள்.

குசினி இருந்தால் சோறு கறி கவலை இல்லை. பகலுக்கு ரொட்டியைச் சுருட்டி, போத்தலில் சுடச்சுடத் தேத்தண்ணி கொண்டுபோங்கள். பல மலைகளில் கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட என்றே சூடான அறை உண்டு, வரைபடத்தில் குறித்திருக்கும். மலை உணவகத்தில் நாலு பேர் சாப்பிடும் காசு ஒரு ஸ்கீ வகுப்புக்குக் காணும்.

அம்மம்மாவை மறக்கவேண்டாம். மாரியில் நடக்கும் பாதைகளுக்கு இங்கே இளஞ்சிவப்புப் பலகை போட்டிருக்கும். பனி இறுக்கி மட்டப்படுத்திய பாதை, அடி பிடிக்கும் சப்பாத்து இருந்தால் போதும். கேபிள் காருக்கு நடப்பவர்களுக்கான ரிக்கற் தனியாக உண்டு.

காசு

பெரிய பிரதேசங்களில் பெரியவருக்கு ஒரு நாள் ரிக்கற் 80 பிராங்கைத் தாண்டுவது இப்போது சாதாரணம். பல இடங்களில் விலை விமான ரிக்கற் மாதிரி நாளுக்கு நாள் மாறும். முந்தி வாங்கினால் மலிவு, ஆனால் காலநிலை கெட்டால் பொதுவாகக் காசு திரும்ப வராது. புதியவர்கள் முந்தி வாங்கவேண்டாம். உங்களுக்கு முதல் நாளில் முழு ரிக்கற்றே தேவையில்லை.

காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் வகுப்பு. தெரிந்த மச்சான் சொல்லித் தருவார் என்று போகாதீர்கள். சறுக்கத் தெரிவது வேறு, சொல்லிக் கொடுக்கத் தெரிவது வேறு. புதியவருக்கான குழு வகுப்பு பெரும்பாலும் கிழமைத் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்கும், புதன்கிழமை போய் நின்றால் நடுவில் சேர்க்காமல் விடலாம். பதியும்போதே எந்த நாள், எந்த மொழி என்று கேளுங்கள்.

ஸ்கீ வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். வளரும் பிள்ளைக்குப் பருவம் முழுதுக்குமான வாடகை இலாபம். நிறை, உயரம், வயது எல்லாம் கேட்பார்கள். உண்மையான நிறையைச் சொல்லுங்கள். விழும்போது ஸ்கீ காலிலிருந்து கழருமா என்பது அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பிழையாகச் சொன்னால் முழங்காலுக்குத்தான் ஆபத்து. சப்பாத்துக்குள் ஒரு மெல்லிய நீள மேஸ் போதும். எங்கள் சனம் குளிருக்கென்று இரண்டு தடித்த மேஸ் போடும். அது இரத்த ஓட்டத்தை இறுக்கிக் காலைக் கூட விறைக்க வைக்கும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. தலைக்கவசம் இங்கே சட்டமில்லை, ஆனாலும் எல்லாருக்கும் போடுங்கள்.

காப்புறுதியையும் ஒருக்காப் பாருங்கள். ஒரே முதலாளியிடம் கிழமைக்கு எட்டு மணி நேரமாவது வேலை செய்பவருக்கு வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் காப்புறுதி உண்டு. வீட்டில் இருப்பவருக்கும் பிள்ளைகளுக்கும் மருத்துவக் காப்புறுதியில் விபத்துப் பகுதி சேர்ந்திருக்க வேண்டும். நீங்கள் யாரையாவது மோதிவிட்டால் கைகொடுப்பது ஹாஃப்ட்பிளிக்ட், அதாவது மற்றவருக்கு நீங்கள் செய்யும் சேதத்துக்கான காப்புறுதி. இல்லாதவர்கள் போகமுதல் எடுத்துவிடுங்கள்.

போக முந்தின நாட்கள்

மூன்று நாளைக்கு முன்பிருந்தே ஊரின் நேரடிக் கமராவைப் பாருங்கள். விளம்பரப் படம் பொய் சொல்லலாம், கமரா சொல்லாது. கீழே சூரிச்சிலும் பேர்ணிலும் கிழமைக்கணக்கில் பனிப்புகார் மூடிக் கிடக்கும்போது மேலே பளிச்சென்று வெயில் எறிப்பது அடிக்கடி நடப்பது, வீட்டு யன்னலைப் பார்த்துப் பயணத்தை நிறுத்தாதீர்கள். எதிர்மாறாக, ஃபோன் (Föhn) காற்று, அதாவது மலையிலிருந்து இறங்கி வீசும் பலத்த வெப்பக் காற்று, என்று காலநிலை அறிக்கையில் வந்தால் உயரமான கேபிள் கார்கள் நிறுத்தப்படலாம், மலையின் தொலைபேசி எண்ணுக்கு எடுத்துக் கேளுங்கள். டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிலையம் பனிச்சரிவு அபாயத்தை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டு மாரியில் நாளும் வெளியிடும். குறி போட்ட, திறந்திருக்கும் பாதையைவிட்டு வெளியே போகாத உங்களுக்கு அது கவலையில்லை. பிள்ளை கூட்டாளிமாரோடு பாதைக்கு வெளியே இறங்க ஆசைப்பட்டால், அந்த எண்ணை அதுக்குக் காட்டி மறியுங்கள்.

மலையில் இரண்டு விதி எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும். மேலிருந்து வருபவர்தான் கீழே போகிறவரைப் பார்த்து விலகவேண்டும். ஒடுக்கமான இடத்திலோ மேலிருந்து தெரியாத வளைவிலோ நிற்கக்கூடாது, விழுந்தால் கெதியாக ஓரத்துக்கு வரவேண்டும். அவசரத்துக்கு 144, மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414.

போய் இறங்கியதும் முதல் வேலையாகக் கடைசிக் கொண்டோலா எத்தனை மணிக்கு என்று பலகையில் பாருங்கள். நடு மாரியில் பெரும்பாலும் நாலு, நாலரை. ஒரு துண்டில் எழுதிப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் ஜக்கற் பையிலும் உங்கள் தொலைபேசி எண்ணோடு வைத்துவிடுங்கள். மூன்று மணிக்கே இறங்கத் தொடங்குங்கள்.